செகண்ட் பேஸுக்குப் பின்னால் கிடந்த கையுறை

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நடந்தது எனக்கு. தழும்பு இருப்பது என் வலது காலில். பதினொரு தையல். சந்தேகப்படுகிறவர் வந்து எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

பேய் நள்ளிரவில்தான் வரும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியவில்லை. எனக்கு வந்தது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே. ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொரித்த மீன் வாசனை மூக்கைத் துளைத்தது. தேவாலயத்துக்குப் போட்டுக்கொண்டு போன தொப்பியைக்கூடப் பெண்கள் கழற்றியிருக்கவில்லை.

1953, ஜூன் 14. அலபாமாவில் கோல்ட்டர்ஸ் மில் என்ற ஊர். மரம் அறுக்கும் ஆலை, அதற்குப் பின்னால் கறுப்பர்களான எங்கள் ஜனங்களுக்கென்று விட்ட மைதானம். ஆலைக் கோபுரத்தில் பெரிய கடிகாரம் ஒன்று உண்டு. பேஸ்பாலில் ஓடுகிறவர் மிதிக்க வேண்டிய நான்கு திட்டுகளில் இரண்டாவது செகண்ட் பேஸ். அங்கே நின்றால் கடிகாரம் நேர் எதிரே தெரியும். அதனால்தான் இவ்வளவு சரியாக மணி சொல்கிறேன்.

என் பெயர் ஆர்டெல்லா பெட்வே. ஜாக்சன் ஃபால்கன்ஸ் அணி. கறுப்பர் லீக்கில் ஆண்களோடு சேர்ந்து சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடினேன். 'உலகத்திலேயே முதல் பெண்' என்று ஊர் ஊராகப் போஸ்டர் ஒட்டினார்கள். போஸ்டரில் எனக்கு வயது இருபத்து மூன்று, உதட்டில் சாயம். நேரில் முப்பத்தொன்று, உதட்டில் புழுதி.

ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். வழக்கமாக என்னை அதில் மூன்றுதான் ஆடவிடுவார்கள். கூட்டம் கைதட்டி முடித்ததும் உட்கார வைத்துவிடுவார்கள். வித்தை காட்டும் கரடிக்கும் எனக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் முந்தின நாள் எங்கள் வழக்கமான செகண்ட் பேஸ் ஆளுக்கு விரல் முறிந்துவிட்டது. மேனேஜர் பிக் ஓடிஸ் என்னை பஸ்ஸுக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"இன்னிக்கு ஒம்போது இன்னிங்ஸும் நீதான். வேற நாதி இல்ல."

"சரி."

"முழுசா கேளு. நின்னுட்டேன்னா சீசன் முழுக்க அந்த இடம் உனக்கு. பொம்பளை பயந்துட்டா, ஒதுங்கிட்டான்னு ஒருத்தன் சொன்னாலும் போதும்... நாளைக்கே செல்மாவுக்கு பஸ் ஏத்திவிட்ருவேன்."

"சரின்னேன்ல."

செல்மாவில் எனக்காகக் காத்திருந்தது ஒரு சலவைக்கூடம். ஒன்பது வருடம் அங்கே வெள்ளைக்காரர்களின் படுக்கை விரிப்புகளைத் தேய்த்திருக்கிறேன். அந்த ஆவிக்குள் திரும்பிப் போவதைவிடச் செத்துப்போவது மேல் என்று அன்று நினைத்தேன். அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது. எந்த ஊரில் நின்று நினைக்கிறோம் என்று பார்த்து நினைக்க வேண்டும்.

நான்கு மணிக்கு மைதானத்துக்குள் போனோம். எதிரணி ஆட்கள் உட்காரும் படிக்கட்டில் ஒருவன் ஷூவை மடியில் வைத்து அரம் போட்டுக்கொண்டிருந்தான். சர்ர்ர்... சர்ர்ர்... ஷூவின் அடியில் இரும்புத் தகடுகள் இருக்கும். ஓடும்போது மண்ணில் பிடிப்பதற்காக. சில பேருக்கு அது சதையில் பிடிப்பதற்காக. பந்து உள்ள கையுறையால் ஓடி வருகிறவனைத் தொட்டால் அவன் அவுட், பந்து நழுவினால் இல்லை. பேஸை நோக்கிச் சறுக்கி வரும்போது அவன் காலைத் தூக்கினால், அங்கே நிற்பவர் ஒதுங்கியே ஆக வேண்டும். இல்லையென்றால் கிழியும்.

அவன் பெயர் க்ளீவ் ரட்லெட்ஜ். ஆள் கதவு அகலம்.

"என்ன அம்மணி, அடுப்புல பீன்ஸ் கருகுதாமே. வீட்டுக்குப் போகல?"

"உனக்குத்தான் வேக வச்சிருக்கேன். பேஸுக்கு வா, ஊட்டுறேன்."

அவன் ஆட்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அரத்தை இன்னும் அழுத்தி இழுத்தான்.

ஒரு வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். இப்போது யாரும் செய்வதில்லை. அந்தக் காலத்தில் களத்தில் நின்று முடித்து மட்டை பிடிக்கப் போகும்போது கையுறையைக் கூடவே எடுத்துப் போக மாட்டோம். நின்ற இடத்துக்குப் பின்னால் புல்லில் எறிந்துவிட்டுப் போவோம். எதிரணிக்காரர்கள் அதைச் சுற்றி நின்று ஆடுவார்கள். நாங்கள் திரும்பி வந்து எடுத்து மாட்டிக்கொள்வோம். தெருமுனை ஆட்டத்திலிருந்து பெரிய லீக்வரை எல்லோரும் அப்படித்தான்.

கோல்ட்டர்ஸ் மில்காரர்கள் மட்டும் அப்படிச் செய்யவில்லை.

முதல் இன்னிங்ஸில் நாங்கள் மட்டை பிடித்த பாதி முடிந்தது. ஒன்பது பேரும் கையுறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்கள். என் பக்கத்தில் ஷார்ட் ஸ்டாப்பில் நிற்கும் ஜூபல் கிரீன் வாயைப் பிளந்தான்.

"பாத்தியா ஆர்டி? கட்டுன பொண்டாட்டி மாதிரி கூடவே கூட்டிட்டுப் போறானுங்க."

"திருட்டு ஊரா இருக்கும்."

"அப்ப உன்னைத்தான் முதல்ல தூக்குவானுங்க."

"தூக்குறவன் இடுப்பு ஒடியும். போடா."

நாங்கள் களத்தில் நின்று முடித்ததும் என் கையுறையை வழக்கம்போல் செகண்ட் பேஸுக்குப் பின்னால் எறிந்துவிட்டுப் போனேன். உள்ளங்கைப் பக்கம் கீழே இருக்கும்படிதான் எப்போதும் போடுவேன். வெயில் பட்டால் தோல் வெடிக்கும்.

மணி 4:40. திரும்பி வந்தேன். கையுறை மல்லாந்து கிடந்தது. நான் போட்ட இடத்திலிருந்து மூன்று தப்படி தள்ளி, பேஸுக்கு இன்னும் கிட்டத்தில்.

எதிரணி செகண்ட் பேஸ் ஆள் என்னைத் தாண்டிப் போனான். ஒல்லியான, பயந்த முகம். அவன் ஆடும்போதே கவனித்திருந்தேன். எல்லோரும் நிற்கும் இடத்தில் அவன் நிற்கவில்லை. பத்தடி தள்ளி நின்றான்.

"என் கிளவுஸ எதுக்குடா தொட்ட?"

"நான் தொடல."

"பின்ன தானா நடந்துச்சா?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்த இடத்துல நாங்க எதையும் வைக்கிறதில்ல. எடுத்துட்டுப் போயிடு."

நிற்காமல் போய்விட்டான். என் பிடிவாதம் ஊரறிந்தது. எடுத்துப் போ என்று ஒருவன் சொன்னால் நான் எடுத்துப் போவேனா?

5:05. மூன்றாவது இன்னிங்ஸ். ஃபர்ஸ்ட் பேஸில் க்ளீவ் நின்றான். அடுத்தவன் அடித்த பந்து ஜூபலிடம் போனது. அவன் எடுத்து எனக்கு எறிந்தான். க்ளீவ் வந்து சேருமுன் நான் பிடித்து பேஸை மிதித்தேன். க்ளீவ் அவுட். பாதித் தூரம்கூட வந்திருக்கவில்லை. அவன் அப்படியே ஒதுங்கிப் போயிருக்கலாம்.

வந்தான். கடைசி நொடியில் இரண்டு காலையும் தூக்கினான். இரும்பு என் முழங்காலுக்குக் கீழே நுழைந்து கணுக்கால்வரை இழுத்துக்கொண்டு போனது. துணி கிழியும் சத்தம் கேட்டது. அது துணி மட்டும் இல்லை. உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது, உடனே ரத்தம் வந்து மூடிவிட்டது.

அவன் எழுந்து தூசி தட்டினான். "பீன்ஸ் நல்லாருக்கு அம்மணி."

ஓடிஸ் படிக்கட்டில் எழுந்து நின்றார். நான் உட்காருகிறேனா என்று பார்த்தார். உட்காரவில்லை. ஜூபல் தன் கழுத்துத் துண்டை அவிழ்த்துக் காலை இறுக்கிக் கட்டினான்.

"ஆர்டி, போதும். போயிடு."

"போனா செல்மா."

"உயிரோட போவ."

"கட்டு. பேசாத."

ஐந்தாவது இன்னிங்ஸ். 5:30. கையுறையை எடுத்து மாட்டினேன். உள்ளே ஈரம். வியர்வை என்று நினைத்தேன். கழற்றிப் பார்த்தேன். விரல்களெல்லாம் சிவப்பு. காலைத் தொட்ட கையால் மாட்டியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சட்டையில் துடைத்தேன். காலைத் தொட்டது வலது கை. கையுறை மாட்டுவது இடது கை. அது அப்போது உறைக்கவில்லை.

ஆறாவது இன்னிங்ஸ். 5:52. உள்ளே சூடு.

வெயில் சூடு இல்லை. அந்த இடத்தில் ஆலையின் நிழல் விழுந்து அரைமணி ஆகியிருந்தது. நீங்கள் உட்காரும் முன் வேறொருவர் உட்கார்ந்து எழுந்து போன நாற்காலி எப்படி இருக்கும்? அப்படி ஒரு சூடு. யாரோ இப்போதுதான் கையை உருவியிருக்கிறார்கள்...

அந்த இன்னிங்ஸ் முடிந்ததும் கையுறையைக் கையிலேயே எடுத்துக்கொண்டு நடந்தேன். உள்ளே எங்கேயோ ஒன்று 'விட்டுவிட்டு வராதே' என்றது. பாதி தூரம் வந்திருப்பேன். ஓடிஸின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது.

"ஏ பொண்ணு! உன் கிளவுஸ இவனுங்க பொரிச்சுத் தின்னுடுவானுங்களா? பயமா இருக்கா?"

எங்கள் ஆட்களே கெக்கலித்தார்கள். பயம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அந்த மனிதர் காத்திருந்தார். நான் திரும்பினேன். கையுறையை ஓங்கி எறிந்தேன். அது செகண்ட் பேஸுக்குப் பின்னால் போய் விழுந்தது.

விழுந்த சத்தம் கேட்கவில்லை.

ஏழாவது இன்னிங்ஸ். 6:12. நான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். கட்டு முழுக்க நனைந்து ஷூவுக்குள் இறங்கியிருந்தது. அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

டப்... டப்... டப்...

எந்த பேஸ்பால்காரரும் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்லும் சத்தம். பந்துக்குக் காத்திருக்கும்போது கையுறையின் குழியில் முஷ்டியால் குத்துவோம், அந்தச் சத்தம். செகண்ட் பேஸ் பக்கமிருந்து வந்தது. பார்த்தேன். அவர்கள் ஆள் பத்தடி தள்ளி நின்றான். அவன் இரண்டு கையும் முட்டியில் ஊன்றியிருந்தது.

"ஜூபல், கேக்குதா?"

"என்னது?"

டப்... டப்...

"ஒண்ணுமில்ல."

எதிர்ப்பக்கக் கூட்டத்தைப் பார்த்தேன். வலப்புறப் பலகைகளில் வயதானவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் யாரும் பந்து வீசுகிறவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் செகண்ட் பேஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஏழிலும் எட்டிலும் என் கையுறைதான் கிடந்தது; எடுத்தேன், ஆடினேன், எறிந்தேன். 6:41. கடைசி இன்னிங்ஸ். நாங்கள் மூன்று ரன், அவர்கள் இரண்டு. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அந்த மைதானத்தில் விளக்கு கிடையாது. "சீக்கிரம், சீக்கிரம்" என்று அம்பயர் கத்தினார். நொண்டிக்கொண்டே ஓடினேன். புல்லில் ஒரே ஒரு கையுறை. குனிந்து எடுத்துக் கையை நுழைத்தேன். நாங்கள் யாரும் பார்த்து மாட்டுவதில்லை. கண் பந்தில் இருக்கும், கை தானாகப் போகும். ஆயிரம் முறை செய்தது.

அது என் கையுறை இல்லை.

தோல் தகடாக இருந்தது. அந்தக் காலத்துச் சின்னக் கையுறை. விரல்களுக்கு நடுவே வலை கிடையாது, ஒற்றை வார்தான். மண் வாசனை அடித்தது. மேல் மண் இல்லை. ஆழத்து மண்.

கழற்றப் பார்த்தேன்.

வரவில்லை.

"ஆடு!" என்றார் அம்பயர்.

முதல் ஆள் அவுட். இரண்டாம் ஆள் அவுட். மூன்றாவதாக வந்தவன் க்ளீவ். மெதுவாக அடித்துவிட்டு ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஓடிச் சேர்ந்தான். அங்கே நின்று என்னைப் பார்த்தான். ஷூவைத் தூக்கி அடியில் இருந்த மண்ணை விரலால் சுரண்டினான். இரும்பு மினுங்கியது. அடுத்த பந்துக்கே ஓடி வரப் போகிறான். ரன்னுக்காக இல்லை. எனக்காக. மைதானத்தில் எல்லோருக்கும் அது தெரியும்.

ஒதுங்கலாமா என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ஒரு கால்தானே பாக்கி இருக்கிறது.

அப்போது கையுறைக்குள் ஏதோ அசைந்தது.

என் விரல்கள் இல்லை.

உள்ளே இன்னொரு கை இருந்தது. ஜில்லென்று. என் புறங்கை மேல் படிந்தது. விரல்களுக்கு நடுவே விரல்கள் நுழைந்தன. ஒன்று... ஒரு இடைவெளி... இரண்டு... மூன்று... பிறகு கட்டைவிரல். இறுக்கிப் பிடித்தது.

கையை உதறினேன். பிடி இன்னும் இறுகியது.

6:49. பந்து வீசினார்கள். க்ளீவ் ஓடினான்.

வீசிய பந்தைப் பிடித்த எங்கள் கேட்சர் எனக்கு எறிந்தார். பந்து வந்தது. நான் கையை நீட்டவில்லை. கை நீண்டது.

பளார்.

பந்து உள்ளே.

க்ளீவ் காற்றில் இருந்தான். இரண்டு இரும்பும் என் நெஞ்சுக்கு நேரே.

கை இறங்கியது. பாறை விழுகிற வேகம். அவன் கணுக்காலில் முதல் அடி. எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளியே வந்தது. சறுக்கி வந்த உடம்பு என் காலடியில் கிடந்தது.

"அவுட்!"

ஆட்டம் முடிந்தது.

கை நிற்கவில்லை.

தாடையில் இரண்டாவது அடி. பற்கள் புழுதியில் விழுந்தன. மூன்றாவது. நான்காவது. நான் இழுத்தேன். வலது கையால் இடது கையைப் பிடித்து இழுத்தேன். அது என்னையும் சேர்த்துத் தூக்கித் தூக்கி இறக்கியது.

ஐந்து.

ஆறு.

ஆயிரம் பேர் கூட்டம். ஒரு இருமல்கூட இல்லை. ஒருவரும் உள்ளே ஓடி வரவில்லை...

ஏழு.

பிடி விட்டது.

ஜூபல் பின்னாலிருந்து என்னைக் கட்டிப் பிடித்து விழுந்தான். இருவரும் புல்லில் உருண்டோம். இடது கையைப் பார்த்தேன். வெறும் கை. சுற்றிலும் தேடினேன். அந்தப் பழைய கையுறை இல்லை. என் கையுறையும் இல்லை. அம்பயர் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார். "இப்பத்தான் கைல பார்த்தேன்... கண்ணால பார்த்துத்தான் அவுட் குடுத்தேன்..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே தேடினார். பந்தும் இல்லை.

அந்த ஊரில் ஆம்புலன்ஸ் என்றால் சவ ஊர்திதான். பிணத்துக்கும் நோயாளிக்கும் ஒரே வண்டி. அதன் சொந்தக்காரர் லேத்தன், க்ளீவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு நாற்பது மைல் தள்ளி இருந்த ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். என்னை நடக்க வைத்து அவர் வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். அவர் மனைவி ஃபே, ஊருக்கெல்லாம் மிஸ் ஃபே, தையல் போடுவாளாம்.

போகும் வழியில் ஜூபல் என் பக்கம் திரும்பாமலே பேசினான்.

"எதுக்கு ஆர்டி அப்படிக் கத்துன?"

"நானா? நான் வாயே திறக்கல."

"அடிக்க அடிக்கக் கத்துன. 'பந்து கைல இருக்கு பாரு, பந்து கைல இருக்கு பாரு'ன்னு." சற்று நின்றான். "அது உன் குரலே இல்ல."

ஓடிஸ் வாசலில் காத்திருந்தார். தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். என்னிடம் பேசும்போது அவர் அதைக் கழற்றியதே கிடையாது. "சீசன் முழுக்க உன் இடம்" என்றார். அந்த வார்த்தைக்காக ஒன்பது வருடம் கனவு கண்டவள் நான். அன்று அவரைத் தாண்டி உள்ளே நொண்டிப் போனேன்.

8:10. மிஸ் ஃபேயின் பின்னறை. நாற்பத்தைந்து வயதிருக்கும். குண்டூசி மாதிரி ஆள், பேச்சும் அப்படித்தான்.

"எனக்குப் பிணத்துக்குத் தைச்சுத்தான் பழக்கம். அதுங்க கத்தாது. நீயும் கத்தாத."

கத்தவில்லை. பதினோராவது தையலுக்கு முடிச்சுப் போட்டுவிட்டு என் இடது கையைத் துடைக்க எடுத்தாள். துணியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

என் புறங்கையில் நீலத் தடங்கள். அழுந்தப் பிடித்த கையின் தடம். கட்டைவிரல் ஒன்று. மற்றவை மூன்று. மோதிர விரல் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. என் நகத்தடியில் கருப்பு மண்.

அவள் விளக்கைக் கிட்டத்தில் இழுத்தாள்.

"கிளவுஸ அங்க விட்டுட்டுப் போனியா?"

"எல்லா ஊர்லயும் விடுறதுதானே."

"இந்த ஊர்ல இல்ல. இருபத்திரண்டு வருஷமா இல்ல."

பிறகு சொன்னாள். 1931. ஊர் ஊராகச் சுற்றும் அணி ஒன்று வந்தது. அதில் லீ டுப்ரீ என்ற செகண்ட் பேஸ் ஆட்டக்காரன். சின்ன உடம்பு, மின்னல் கை. கடைசி இன்னிங்ஸில் உள்ளூர்க்காரன் ஒருவன் இரும்பைத் தூக்கிக்கொண்டு சறுக்கி வந்தான். லீ ஒதுங்கவில்லை. பந்தோடு தொட்டாயிற்று. ஆனால் இரும்பு லீயின் கையுறையைக் கிழித்து ஒரு விரலைத் துண்டித்துவிட்டது. பந்து உருண்டது. அவுட் இல்லை என்றார்கள்.

"லீ விடல. ரத்தம் கொட்டுற கைல பந்தை மறுபடி எடுத்துத் திணிச்சுக்கிட்டு, 'பந்து கைல இருக்கு பாரு'ன்னு அம்பயர் மூஞ்சிக்கு நேரா காட்டி ஒரே கத்தல். ஓடி வந்தவன் சட்டையப் புடிச்சு இழுத்தான். சட்டை கிழிஞ்சுது."

மிஸ் ஃபே துணியை மடித்து வைத்தாள்.

"பொண்ணு. மாரை இறுக்கித் துணி சுத்தியிருந்தா. ஆம்பளை பேர்ல ரெண்டு வருஷம் ஆடியிருக்கா. ஒரு பயலுக்கும் தெரியல. அவுட் ஆனதை அவனுங்க தாங்கியிருப்பானுங்க. பொம்பளைகிட்ட அவுட் ஆனதைத் தாங்க முடியல. மட்டையை எடுத்தானுங்க. அஞ்சு பேரு. செகண்ட் பேஸ்லயே. கூட்டம் பார்த்துக்கிட்டே இருந்துச்சு. நானும்தான் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"போலீஸ்?"

"ஷெரிஃப் வந்தாரு. கறுப்பனுங்க அடிச்சுக்கிட்டதுக்கு எதுக்குக் காகிதத்தை வீணாக்கணும்னு போயிட்டாரு. நான்தான் உடம்பைக் கழுவினேன். கை நசுங்கிப்போய் அந்தக் கிளவுஸ் கழட்ட வரல. அப்படியே போட்டுத்தான் புதைச்சோம்." மூச்சு வாங்கினாள். "சட்டையக் கிழிச்சவனோட மகன்தான் இப்ப என் வீட்டுக்காரர் வண்டில போயிட்டிருக்கான்."

க்ளீவ் பிழைத்தான். தாடையைக் கம்பியால் கட்டினார்கள். மறுபடி ஓடவேயில்லை. அவனுக்காக நான் வருத்தப்பட்டேனா என்று கேட்காதீர்கள். என் பதில் வாரத்துக்கு வாரம் மாறுகிறது.

அன்றிரவு யார் தூங்கினார்கள்? விடிந்ததும் மிஸ் ஃபேயை நச்சரித்துக் கல்லறைக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். 6:10. ஆலைக்குப் பின்னால் எங்கள் ஜனங்களின் இடுகாடு. கடைசி வரிசை. பெயர் கிடையாது, தலைமாட்டில் ஒரு பலகை. புல் மூடிக் கிடந்தது. மண்ணை யாரும் தொட்ட அடையாளமே இல்லை.

புல்லின் மேல் என் கையுறை இருந்தது.

ஓரத்தில் நான் சூடு போட்டு எழுதிய ஆ.பெ. என்ற எழுத்துகள். மல்லாந்து கிடந்தது. ஆனால் அதன் உள்ளங்கைக் குழி திறந்திருக்கவில்லை. விரல்கள் எதையோ பொத்தியிருந்தன. மண்டி போட்டு ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன்.

உள்ளே பந்து.

தையலெல்லாம் ரத்தம் காய்ந்திருந்தது. உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

மிஸ் ஃபே நாலடி தள்ளியே நின்றாள். "உன்னோடதுதானே? எடுத்துக்க."

நான் விரல்களைத் திரும்ப மூடினேன். பந்து வெளியே தெரியாதபடி மூடினேன்.

"வேணாம். பந்து கைல இருந்தாத்தான் அவுட்டு. அவளே வச்சிருக்கட்டும்."

திரும்பி நடந்தோம். வாயிற்கதவைச் சாத்தும்போது பின்னால் கேட்டது.

டப்... டப்...

மிஸ் ஃபே என் கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

இன்னும் இரண்டு சீசன் ஆடினேன். எந்த ஊரிலும் ஒருவனும் என் மேல் இரும்பைத் தூக்கவில்லை. கோல்ட்டர்ஸ் மில்லில் நடந்தது எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்துத்தான் ஒதுங்கினார்கள். அந்தப் பயம் எனக்குச் சேர வேண்டியது இல்லை. அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

கல்லறைக்குப் போன அன்று காலை பஸ் ஏறும்போது ஜூபல் அடுத்த ஊருக்கான போஸ்டர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். மேலே இருந்ததில் என் முகம், சாயம் பூசிய உதடு, கீழே கொட்டை எழுத்தில் 'முதல் பெண்'. அவனிடமிருந்து பென்சிலை வாங்கி அந்த 'முதல்' என்ற சொல்லை அடித்தேன். 'இரண்டாவது' என்று எழுதினேன்.

இன்றைக்கும் பேட்டி எடுக்க வருகிறவர்களிடம் அதையேதான் சொல்கிறேன். என்ன அடக்கம் என்று பாராட்டிவிட்டுப் போகிறார்கள்.